உங்களுக்குத் தெரியுமா? - பாட்டி பெயரில் ஒரு பட்டா

அமெரிக்காவின் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாமல் கிடந்த புல்வெளிக்குப் பிரெய்ரி என்று பெயர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே போய், மண்ணால் வீடு கட்டி, உழுது, அரசாங்கத்திடம் பட்டா வாங்கிய பெண்கள் உண்டு. அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் இப்போது பரணில் கிடக்கும் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டுகிறார்கள். அந்தப் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்த்ததில் கிடைத்தவை இவை.

★ உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெயர் ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர் அரசு நிலத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஐந்து வருடம் அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், பயிர் செய்ய வேண்டும். தொடக்கம் முதல் பட்டா கைக்கு வரும் வரை கட்டணம் மொத்தம் 18 டாலர். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று சட்டம் கேட்கவில்லை. ஆகவே திருமணமாகாதவள், விதவை, மணமுறிவு பெற்றவள், கணவன் விட்டுவிட்டுப் போனவள் என்று எல்லாரும் மனு கொடுத்தார்கள். ஒருத்திக்கு மட்டும் வழியில்லை: கணவனோடு குடித்தனம் நடத்துகிற மனைவிக்கு. குடும்பத் தலைவர் அவன்தானே!

★ 160 ஏக்கர் என்றால் அரை மைல் நீளம், அரை மைல் அகலம். பக்கத்து வீட்டு விளக்கு தெரிகிறதா என்று இரவில் வாசலில் நின்று பார்ப்பதே அந்தக் காலத்துப் பொழுதுபோக்கு.

★ தனியாகப் போய் நிலம் எடுத்த பெண்கள் எத்தனை பேர்? வடக்கு டகோட்டாவில் மாவட்டம் மாவட்டமாகப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர் எலைன் லிண்ட்கிரென் என்ற சமூகவியலாளர். சில இடங்களில் பத்தில் ஒருவர் பெண், சில இடங்களில் அதற்கும் மேல். 1991-இல் அவர் அதைப் புத்தகமாக்கினார். அதுவரை எல்லாரும் பார்த்திருந்த படம் வேறு. வண்டியை ஓட்டுபவன் கணவன், பக்கத்தில் அழுத கண்ணோடு உட்கார்ந்திருப்பவள் மனைவி. அழுதவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனவளை ஓவியர்கள் ஏனோ வரையவில்லை.

★ இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-இல். அதாவது ஒரு பெண் தன் பெயரில் 160 ஏக்கர் வைத்திருக்கலாம், வரி கட்டலாம். அந்த வரியை யார் செலவழிப்பது என்று சொல்ல மட்டும் முடியாது. வயோமிங் போன்ற சில இடங்கள் விதிவிலக்கு. வயோமிங்கில் 1869-லேயே வாக்குரிமை கொடுத்துவிட்டார்கள்.

★ நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் 1886-இல் எடுத்த ஒரு புகைப்படம் மிகவும் பெயர்பெற்றது. மண்வீடு ஒன்றின் முன்னால் நான்கு இளம்பெண்கள் நிற்கிறார்கள். கிரிஸ்மன் சகோதரிகள். மூத்தவள் லிசி 1887-இல் தன் பெயரில் மனு போட்டாள். அடுத்த வருடம் லூட்டி. சின்னவர்கள் ஹாட்டிக்கும் ரூத்துக்கும் 21 வயது நிறைய வேண்டுமே, காத்திருந்தார்கள். நிலத்தில் குடியிருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தனியே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பது நடப்பு. அதனால் அக்காள் வீட்டில் கொஞ்ச நாள், தங்கை வீட்டில் கொஞ்ச நாள் என்று மாறி மாறித் துணைக்குப் போய்ப் படுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து நிலம் வாங்கிய தோழிகள் சிலர் இதைவிடக் கெட்டிக்காரிகள். எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, அவரவர் கட்டிலை அவரவர் நிலத்துப் பக்கம் போட்டுக்கொண்டார்கள். சட்டத்துக்கும் குறையில்லை, பேச்சுத்துணைக்கும் குறையில்லை.

★ அந்தப் படத்தை எடுத்தவர் சாலமன் புட்சர். அவரும் நிலம் எடுத்துப் பார்த்தவர்தான். சில வாரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தவர். தன்னால் முடியாததைச் செய்துகொண்டிருந்தவர்களைப் பெட்டிக் கேமராவோடு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் மிஞ்சியிருக்கின்றன. தகட்டில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் ஒரு வாத்தையோ வான்கோழியையோ மை தொட்டு வரைந்து மறைத்துவிடுவாராம். ஆகவே அந்தப் படங்களில் இருக்கும் எல்லாக் கோழியையும் நம்பிவிடாதீர்கள்.

★ புட்சரின் இன்னொரு படத்தில் மாட்டுக் கொட்டில் பக்கம், வெட்டவெளியில், ஒரு குடும்பம் நிற்கிறது. நடுவில் பளபளக்கும் ஆர்கன் இசைப்பெட்டி. ஏன் வெளியே கிடக்கிறது? ஹில்டன் வீட்டு அம்மாளுக்குத் தான் மண்வீட்டில் இருப்பது கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது. ஆர்கன் இருப்பது மட்டும் தெரிய வேண்டும். வீடு படத்தில் விழாதபடி பெட்டியை வெளியே தூக்கிவரச் செய்து, படம் எடுத்து, மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். இந்த அம்மாளை எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. எந்த ஊரில் இல்லை இவர்?

★ மண்வீடு என்றால் நம் ஊர்ச் சுவர்போலக் குழைத்து வைத்தது அல்ல. பிரெய்ரிப் புல்லின் வேர் ஆளுயரத்துக்கும் மேல் பூமிக்குள் இறங்கிப் பின்னிக் கிடக்கும். அந்த மேல்மண்ணை அதற்கென்றே செய்த கலப்பையால் நான்கு விரல் கனத்துக்குப் பட்டை பட்டையாக அறுத்து, மண்வெட்டியால் துண்டு போட்டு, புல் கீழ்ப்பக்கம் இருக்கும்படி அடுக்குவார்கள். வேர்தான் சிமெண்ட். சுவர் இரண்டு அடிக் கனம். கோடையில் குளுகுளுவென்றும் பனிக்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கும். இதற்கு அந்த மக்கள் வைத்த கேலிப்பெயர் ‘நெப்ராஸ்கா பளிங்கு’.

சுகம் அதோடு முடிந்தது. கூரையும் புல்மண்தான். வெளியே ஒரு நாள் மழை பெய்தால் உள்ளே மூன்று நாள் சொட்டும். அடுப்பின் மேல் குடை பிடித்துக்கொண்டு சமைத்த கதைகள் நிறைய இருக்கின்றன. குழம்புச் சட்டிக்குள் மண் விழாமல் இருக்க உத்தரத்துக்கு அடியில் மெல்லிய துணியைக் கட்டிவிடுவார்கள். எலியும் சில நாள் பாம்பும் அந்தத் துணிமேல் ஊர்ந்து போவது கீழே இருந்து பார்த்தால் அப்படியே தெரியும். இத்தனைக்கும் நடுவில், இரண்டு அடிக் கனச் சுவரில் சன்னல் விளிம்பு திண்ணைபோல அகலமாக அமைந்துவிடுமே, அதில் ஜெரேனியம் பூச்செடித் தொட்டி வைப்பதைப் பெண்கள் விடவில்லை.

★ மரமில்லாத ஊரில் அடுப்பு எப்படி எரியும்? சாணத்தால். முதலில் காட்டெருமை போட்டுக் காய்ந்தது, காட்டெருமைகள் கொன்றொழிக்கப்பட்ட பிறகு மாடு போட்டுக் காய்ந்தது. கிழக்கு நகரங்களிலிருந்து வந்த பெண்கள் முதல் வாரம் குச்சியால் தள்ளி எடுத்தார்கள். பிறகு துணியால் பிடித்து எடுத்தார்கள். பிறகு வெறுங்கையால். கடைசியில் சாணத்தை அடுப்பில் வைத்த கையைத் துடைக்காமலே ரொட்டிமாவு பிசைந்தார்கள் என்று அவர்களே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். சுவரில் வரட்டி தட்டிக் காயவைத்த நம் அப்பத்தாக்களுக்கு இந்த முதல் வாரம் தேவைப்பட்டிருக்காது! சாணமும் கிடைக்காத இடத்தில் காய்ந்த புல்லை முறுக்கிக் கட்டை மாதிரி ஆக்கி எரித்தார்கள். தெற்கு டகோட்டாவில் 1880-81 பனிக்காலம் ரயிலையே மாதக்கணக்கில் நிறுத்திவிட்டது, நிலக்கரி வரவில்லை. பகல் முழுதும் யாராவது ஒருவர் புல் முறுக்கிக்கொண்டே இருந்தால்தான் இரவு உயிர் தங்கும் என்ற நிலை.

★ 1874 கோடை. வானம் இருண்டது, மழை என்று நினைத்தார்கள். வந்தது வெட்டுக்கிளி. பயிரைத் தின்றன. பிறகு வெங்காயத்தை மண்ணுக்குள் குழிவிழும்படி தின்றன. மண்வெட்டிப் பிடியில் மனித வியர்வையின் உப்பு ஊறியிருக்குமே, அந்தப் பிடியையும் அரித்தன. தோட்டத்தையாவது காப்பாற்றலாம் என்று பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வைகளை எடுத்து வந்து காய்கறிப் பாத்தியின்மேல் விரித்தார்கள். போர்வையைத் தின்றுவிட்டுப் பாத்திக்குள் இறங்கின. தண்டவாளத்தில் நசுங்கிய பூச்சிகளால் சக்கரம் வழுக்கி ரயில்கள் நின்றன. அடுத்த ஆண்டு நெப்ராஸ்காவைக் கடந்துபோன ஒரு கூட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 1,98,000 சதுர மைல் என்று ஒருவர் அப்போதே கணக்குப் போட்டார்.

அதைவிட ஆச்சரியம், அந்த இனம் இன்று உலகிலேயே இல்லை. உயிரோடு கடைசியாகப் பிடிபட்டது 1902-இல், கனடாவில். மருந்து அடித்து ஒழித்ததல்ல. ராக்கி மலை ஆற்றுப் பள்ளத்தாக்குகளில்தான் அவை நிலையாக முட்டையிட்டு வாழ்ந்தன. அந்தப் பள்ளத்தாக்குகளை உழுது நீர் பாய்ச்சி மாடு விட்டதில், யாருக்கும் தெரியாமலே அழிந்துபோயின என்பது பூச்சியியலாளர் ஜெஃப்ரி லாக்வுட்டின் முடிவு.

★ அதே 1874-இல் ருஷ்யப் பேரரசிலிருந்து மென்னோனைட் கிறிஸ்தவர்கள் கான்சாஸுக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ‘துருக்கிச் சிவப்பு’ என்ற கோதுமைதான் பின்னாளில் அந்த மாநிலத்தையே கோதுமை நாடாக்கியது. ஆன்னா பார்க்மன் என்ற எட்டு வயதுப் பெண் குழந்தை ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்கி மூட்டை கட்டினாள் என்று ஒரு கதை சொல்வார்கள். வரலாற்றுக்காரர்கள் இதற்குத் தலையாட்டுவதில்லை. ஆனால் விதை பொறுக்கும் வேலை யார் கையில் இருந்தது என்பதில் கதை பொய் சொல்லவில்லை.

★ விதையோடு வேண்டாத விருந்தாளியும் வந்தது. கௌபாய் படங்களில் காற்றில் உருண்டு போகுமே ஒரு காய்ந்த முட்புதர், அசல் அமெரிக்கச் சின்னம் என்று நாம் நினைப்பது, அது ருஷ்ய நாட்டு முள். 1870-களில் ஆளிவிதை மூட்டையில் கலந்து தெற்கு டகோட்டாவில் இறங்கியது. குடியேறியவர்களில் மிகச் சீக்கிரம் வேரூன்றியது அதுதான்.

★ 1888 ஜனவரி 12 காலையில் இதமான வெயில். பிள்ளைகள் கனத்த மேல்கோட்டு இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். நண்பகலுக்கு மேல் சுவர்போல எழுந்து வந்தது பனிப்புயல். நீட்டிய கை தெரியவில்லை. இறந்தவர்கள் 235 பேர் என்று கணக்கிடுகிறார்கள். பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் அதில் நிறைய. ‘குழந்தைகள் பனிப்புயல்’ என்றே பெயர் நின்றுவிட்டது.

நெப்ராஸ்காவின் மிரா பள்ளத்தாக்கில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, கூரை பிய்த்துக்கொண்டு போன பள்ளியிலிருந்து பிள்ளைகளை வரிசையாக நடத்திப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளைப் பற்றிப் பாட்டு கட்டி நாடெங்கும் பாடினார்கள். அதே நாள், அதே மாநிலத்தில், லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியையும் மூன்று பிள்ளைகளோடு கிளம்பினாள். வழி தவறியது. இரவு முழுவதும் வெட்டவெளியில் அவர்களை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். விடிவதற்குள் மூவரும் இறந்தார்கள். விடிந்ததும் தவழ்ந்து போய்ச் சேர்ந்த அவளுக்குப் பாதங்கள் போயின. இரண்டு பேரும் எடுத்தது ஒரே மாதிரியான முடிவு.

★ கான்சாஸில் நிகோடீமஸ் என்று ஓர் ஊர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் தங்களுக்கென்று உண்டாக்கியது. 1878-இல் கென்டக்கியிலிருந்து கணவனோடும் பிள்ளைகளோடும் வந்த வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வண்டியில் இருந்தவர்கள் ஊர் வந்துவிட்டது என்று கூவுகிறார்கள். அவர் எழுந்து பார்க்கிறார். வீடே இல்லை. எங்கே ஊர் என்று கேட்டால், கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டுகிறார். மக்கள் மண்ணைத் தோண்டிக் குழிக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர் அழுதுவிட்டார். ஆனால் திரும்பிப் போகவில்லை. ஊர் இன்றும் இருக்கிறது. இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம்.

★ வடக்கு டகோட்டாவின் டெவில்ஸ் லேக் பக்கம் 1894-இல் மருமகளாக வந்து இறங்கினார் ரேச்சல் கலோஃப். ருஷ்யப் பேரரசில் பிறந்த யூதப்பெண், வயது 18. பன்னிரண்டுக்குப் பதினாலு அடிக் குடிசை. எரிபொருளை மிச்சம் பிடிக்க முதல் பனிக்காலத்தில் மாமனார், மாமியார், மைத்துனர், புதுப்பெண், மாப்பிள்ளை எல்லாரும் அதே அறையில். கட்டிலுக்கு அடியில் கோழிகள். ஒரு மூலையில் கன்றுக்குட்டி. கொஞ்சம் தனிமை வேண்டும் என்று கேட்டதுதான் அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே ஆடம்பரம். ஒன்பது பிள்ளைகள் பெற்று, அறுபதாவது வயதில், 1936-இல், இத்திஷ் மொழியில் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். அச்சில் வந்தது 1995-இல். கொள்ளுப்பாட்டிகள் எழுதுவதில்லை என்று யார் சொன்னது? நாம்தான் நோட்டைத் திறப்பதில்லை.

★ கடிதம் எழுதியே பெயர் வாங்கியவர் எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட். டென்வர் நகரில் துணி வெளுத்துப் பிழைத்த விதவை என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். சின்னப் பெண் குழந்தையோடு 1909-இல் வயோமிங்குக்கு ஒரு பண்ணையில் வீட்டுவேலைக்குப் போனார். பக்கத்திலேயே தன் பெயரில் நிலத்துக்கு மனுவும் போட்டார். முன்னாள் எசமானி அம்மாளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பத்திரிகையில் வந்து, 1914-இல் நூலாயின. பெண் நினைத்தால் தனியாக நிலம் எடுத்து வாழலாம், துணி வெளுத்துச் சாவதைவிட அது மேல் என்பது அவருடைய வாதம்.

பதிவேட்டைப் புரட்டிய ஆய்வாளர்களுக்கு வேறு கதை கிடைத்தது. மனு கொடுத்த சில வாரங்களுக்குள் பண்ணைக்காரரையே மணந்துகொண்டார். அதைக் கடிதத்தில் சொன்னது ரொம்ப நாள் கழித்துத்தான். 1912-இல் அந்த நிலத்தின்மேல் தனக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். அதே நிலத்துக்கு அடுத்து மனு போட்டவர்? மாமியார். அதாவது நிலம் குடும்பத்தை விட்டுப் போகவில்லை, அவர் பெயரில் மட்டும் நிலைக்கவில்லை. ஏமாற்றுக்காரி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்குக் கிடைக்காததை அடுத்தவளுக்குச் சிபாரிசு செய்தார், அவ்வளவுதான்.

★ எல்லைக்கு வடக்கே கனடாவில் கதை தலைகீழ். அங்கும் 160 ஏக்கர், கட்டணம் 10 டாலர். ஆனால் 1876-இல் சட்டத்தைத் திருத்தி, குடும்பத் தலைவியாக இல்லாத பெண்களை நீக்கிவிட்டார்கள். நடைமுறையில், சின்னப் பிள்ளைகள் உள்ள விதவைக்கு மட்டும்தான் வாய்ப்பு. இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜினா பின்னி-கிளார்க் 1905-இல் சஸ்காச்சுவானில் 320 ஏக்கரை 5,000 டாலர் கொடுத்து வாங்கிக் கோதுமை விதைத்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து ஆண்பிள்ளை பத்து டாலருக்கு வாங்கிய அதே மண். கோபம் வராதா? 1914-இல் புத்தகமாகவே எழுதினார். அதற்கு முந்தின வருடம் 11,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ஒட்டாவாவுக்குப் போயிருந்தது. அரசு அசையவில்லை.

★ ஐந்து வருடம் பொறுக்க முடியாதவர்களுக்குக் குறுக்குவழியும் சட்டத்திலேயே இருந்தது. ஆறு மாதம் (பிறகு பதினான்கு மாதம்) குடியிருந்துவிட்டு, ஏக்கருக்கு 1.25 டாலர் வீதம் 200 டாலர் கட்டினால் பட்டா. ஆசிரியைகள் பலர் இந்த வழியில் வாங்கி, விற்று, அந்தப் பணத்தில் மேலே படித்தார்கள்.

★ மாண்டனாவில் ஈவ்லின் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கால்களுக்கு நடுவில் பிரித்துத் தைத்த பாவாடை அணிந்து, ஆண்கள்போலக் குதிரையின் இருபுறமும் கால்போட்டு மைல்ஸ் சிட்டிக்குப் போனார். கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1894 முதல் அவர் எடுத்த புகைப்படங்களின் கண்ணாடித் தகடுகள், 1928-இல் அவர் இறந்த பிறகு ஒரு தோழியின் வீட்டு நிலவறையில் அரை நூற்றாண்டு தூங்கின.

★ கோதுமை பொய்த்தால் குடும்பம் எதில் சாப்பிட்டது? வெண்ணெயிலும் முட்டையிலும். அது வீட்டுக்காரியின் காசு. கணக்குப் புத்தகத்தில் மட்டும் ‘சில்லறை வரவு’.

★ லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் பிரெய்ரிக் குழந்தைப் பருவக் கதைகளில் முதல் நூலை வெளியிட்டபோது வயது 65. ஆண்டு 1932. அவர் ஒளிக்காமல் எழுதிய தன்வரலாறு அச்சானது 2014-இல்தான். கதையில் வரும் கான்சாஸ் வீடு, அப்போது சட்டப்படி ஓசேஜ் பழங்குடியினரின் நிலத்தில் கட்டியது. அப்பா இங்கல்ஸ் அங்கே ஹோம்ஸ்டெட் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவு ஒன்று தன் விருதிலிருந்து லாராவின் பெயரை எடுத்தது, பழங்குடியினரை அவர் எழுதிய விதத்துக்காக. இரு தரப்பிலும் பேரப்பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

★ ஓக்லஹோமாவின் போன்கா சிட்டியில் 1930-இல் திறந்த ‘முன்னோடிப் பெண்’ வெண்கலச் சிலையை எண்ணெய்ச் செல்வந்தர் மார்லண்ட் வைத்தார். 12 சிற்பிகளிடம் மாதிரி செய்யச் சொல்லி, ஊர் ஊராக அனுப்பி, மக்களிடம் வாக்குக் கேட்டார். வென்ற சிலையில் தலையில் துணித்தொப்பி, கையில் புத்தகம், பக்கத்தில் மகன். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த போன்காப் பழங்குடி மக்கள் நெப்ராஸ்காவிலிருந்து துரத்தி அங்கே கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களிடமும் வாக்குக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

★ கரோலைன் ஹெண்டர்சன் கல்லூரிப் படிப்பு முடித்தவர். 1907-இல் ஓக்லஹோமாவின் மேற்கு முனைக்குத் தனியாகப் போய் நிலம் எடுத்தார். கிணறு தோண்ட வந்தவர்களில் ஒருவர் வில். அடுத்த வருடம் அவரையே மணந்துகொண்டார். 1930-களில் அந்த வட்டாரம் முழுக்கப் புழுதிப்புயலில் புதைந்தபோது, கதவிடுக்கில் துணி அடைத்துக்கொண்டு அவர் எழுதிய கடிதங்கள் 1936-இல் பத்திரிகையில் வந்தன. அக்கம்பக்கத்தார் வண்டி ஏறிக் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். இவர் போகவில்லை. ஆழ உழுத நிலம்தான் இப்படிப் பறக்கிறது என்று அவருக்குத் தெரியும். உழுதவர்களில் தானும் ஒருத்தி என்றும் தெரியும். முதுமையில் உடல் தளர்ந்த பிறகே அந்த மண்ணை விட்டார். 1966-இல் காலமானார்.

★ எடித் அம்மன்ஸ், அய்டா மேரி அம்மன்ஸ் என்று இரண்டு சகோதரிகள் 1907-இல் தெற்கு டகோட்டாவுக்குப் போனார்கள். ஒருத்தி பள்ளி நடத்தினாள், மற்றவள் பத்திரிகை நடத்தினாள். பட்டா வாங்குமுன் ஒவ்வொருவரும் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று விதி. அந்த அறிவிப்புக் காசில்தான் அங்கே பத்திரிகைகளே ஓடின. எடித் பின்னாளில் எழுதிய நூலின் பெயரில் ‘வெந்த தொடை’ என்று வரும். அது சிச்சாங்கு என்ற லக்கோட்டாப் பழங்குடி மக்களின் பெயருக்குப் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அதை மொழிபெயர்த்துப் பிரூலே என்றார்கள். சகோதரிகள் பத்திரிகை நடத்திய இடம், லோயர் பிரூலே.

★ ஒரு கொள்ளுப்பேத்தியே துருவிப் பார்த்த கதைதான் எனக்கு மறக்க முடியாதது. சமூகவியலாளர் கேரன் ஹேன்சனின் கொள்ளுப்பாட்டி ஹெலீன் ஹாகன் காண்டன், நார்வேயிலிருந்து வந்த விதவை. வடக்கு டகோட்டாவில் நிலம் எடுத்தார். வீட்டில் பெருமையாகச் சொல்லி வந்த கதை. எந்த நிலம் என்று தேடிக்கொண்டு போனார் பேத்தி. ஸ்பிரிட் லேக் டகோட்டாப் பழங்குடி மக்களுக்கென்று ஒப்பந்தத்தில் ஒதுக்கிய நிலம். ஆளுக்கு இவ்வளவு என்று டகோட்டா மக்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, ‘மிச்சம்’ என்று சொல்லி 1904-இல் அரசாங்கம் அதை வெளியாருக்குத் திறந்துவிட்டது. வந்தவர்கள் ஏழைகள். நார்வே மொழி மட்டுமே தெரிந்தவர்கள். பக்கத்து நிலத்து டகோட்டாப் பெண்களுக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. இரண்டு பக்கமும் பாட்டிகள். ஒரே குளிர், ஒரே வறுமை. 1929 வாக்கில், அந்தப் பழங்குடி ஒதுக்கிடத்தில் டகோட்டா மக்களிடம் இருந்ததைவிட ஸ்காண்டிநேவியர்களிடம் இருந்த நிலம் அதிகம். பேத்தி 2013-இல் இதைப் புத்தகமாக எழுதினார். கொள்ளுப்பாட்டியைத் திட்டவில்லை, மூடி மறைக்கவும் இல்லை.

★ 1976-இல் ஹோம்ஸ்டெட் சட்டம் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. பட்டா பெற்றவர்கள் ஏறக்குறைய 16 லட்சம் பேர். கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

★ ஒவ்வொரு பட்டாவுக்கும் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது. வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. குடும்பத்தார் கேட்டால் நகல் கிடைக்கும். பழங்கதையைவிட இந்தக் கேள்வித்தாள்கள் ருசியாக இருக்கும். வீட்டின் நீள அகலம் என்ன? எத்தனை கதவு, எத்தனை சன்னல்? எத்தனை ஏக்கர் உழுதாய்? கிணறு உண்டா? ஊரில் இல்லாத நாட்கள் எத்தனை, ஏன்? பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தேன், வீட்டுவேலைக்குப் போயிருந்தேன், பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன் என்று அங்கே பதில்கள் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் வந்து ஆமாம் என்று சாட்சி சொல்லியிருப்பார்கள்.

ஆர்கனை வெளியே தூக்கிவரச் சொன்ன அம்மாளின் படத்துக்கு இன்றும் ‘டேவிட் ஹில்டன் குடும்பம்’ என்றுதான் தலைப்பு. கல்லறைக் கற்களிலும் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களிலும் பாதிப் பெண்கள் இன்னாருடைய மனைவி என்றே கிடக்கிறார்கள். தன் பெயரில் நிலம் கேட்டவளின் கோப்பில் அந்த வசதி இல்லை. கடைசித் தாளின் அடியில் அவளே கையெழுத்துப் போட்டாக வேண்டும். எழுதத் தெரியாதவள் பெருக்கல் குறி போட்டிருப்பாள். அதன் இரண்டு பக்கமும் குமாஸ்தா அவள் முழுப்பெயரை எழுதியிருப்பார்.